ஒன்பது பேருக்கும் முந்நூற்று இருபது

அத்தியாயம் 7

டாக்டர் ஸ்கந்தகுமார் மூக்கையும் வாயையும் புத்தம் புது வெள்ளை முகமூடியால் மூடியிருந்தார். இருந்தாலும் அவர் சிரிக்கிறார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. செத்துப்போனவளைப் பற்றிப் பேசும்போது சிரிக்கிற மனிதர்களோடு வித்யாலக்ஷ்மிக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ரயில்வே விஜிலென்ஸில் பத்து வருஷம் குப்பை கொட்டியபோதும் சரி, அந்த வேலையை உதறிவிட்டு அரக்கோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் சரி, அவள் கோபத்துக்கு ஒரே அடையாளம்தான். குரல் இறங்கிவிடும். இப்போது நன்றாகவே இறங்கியிருந்தது.

"குப்பம்மா பன்றிக் காய்ச்சல்ல சாகலைன்னு சொல்றீங்க."

"சாக முடியாதுங்க மேடம். அந்தக் கிருமியை எதிர்க்கிற சக்தி அவங்க ரத்தத்துல நிறைய இருந்துச்சு. முந்நூத்தி இருபது. நாற்பது இருந்தாலே போதும்."

அறைக் கதவோரம் நின்றிருந்த கரீமுல்லா தொண்டையைச் செருமினான். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். இப்போது வித்யாலக்ஷ்மியின் உதவியாளன், வண்டி ஓட்டி, வாயாடி. அவன் செருமினால் ஏதோ கிண்டல் தொண்டை வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம். வித்யா திரும்பிப் பார்த்த பார்வையில் அது அங்கேயே நின்றுவிட்டது.

விவகாரம் இதுதான். 2009-ல் பன்றிக் காய்ச்சல் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திருத்தணிக்கும் வந்தது. ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான சக்தி எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்தது. செப்டம்பரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கந்தகுமாரின் தனியார் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்தது. செப்டம்பரில் அங்கே வேலை செய்த ஒன்பது ஆயாக்களுக்கும் பத்துக்குக் கீழே, அதாவது சக்தியே இல்லை. நவம்பரில் ஒன்பது பேருக்கும் முந்நூற்று இருபது.

அந்தத் தாள் வந்ததும் டாக்டர் ஒரு புதுச் சட்டம் போட்டார். காய்ச்சல் வார்டுக்குள் இனி இந்த ஒன்பது பேர்தான் போக வேண்டும். ரத்தத்திலேயே கவசம் இருப்பதால் அவர்களுக்கு முகமூடி தேவையில்லை. இருக்கிற முகமூடிகள் டாக்டருக்கும் நர்சுகளுக்கும். முதல் ஆளாக உள்ளே போனவள் குப்பம்மாள். பதிமூன்றாம் நாள் அதே வார்டில் ஒரு கட்டிலில் படுத்தாள். பதினெட்டாம் நாள் அவளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஆஸ்துமாவை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் என்று கீழே ஒரு வரி வேறு. செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்?

அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் கணவன் எல்லப்பன் அரக்கோணம் வரை வந்து மாடிப்படி ஏறினான். காவடிக்குப் பம்பை அடிக்கிறவன். நஷ்ட ஈடு வேண்டாம், யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம், என் பெண்டாட்டி எதையும் மறைக்கவில்லை என்று இந்த டாக்டர் வாயால் சொன்னால் போதும் என்றான். ஆனால் விஷயம் அவன் பெண்டாட்டியோடு முடியவில்லை. குப்பம்மாளின் தங்கை ஜெயம்மாளும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. அக்காவின் இடத்தில் இன்று மதியம் இரண்டு மணிக்குக் காய்ச்சல் வார்டுக்குள் அவள் போக வேண்டும், வெறும் முகத்தோடு. போகாவிட்டால் வேலை இல்லை.

டாக்டர் மேசைக்குப் பின்னால் இருந்த கடிகாரம் பதினொன்றே காலைக் காட்டியது.

"ரெண்டாவது தடவை எங்களுக்கு ரத்தமே எடுக்கலைன்னு ஜெயம்மாள் சொல்றாங்க" என்றாள் வித்யா.

டாக்டர் மறுபடியும் கண்ணால் சிரித்தார். இவர்களுக்கு நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதே ஞாபகம் இருக்காது என்றார். சென்னை நிறுவனம் கொடுத்த கடிதத்தோடு வித்யா வந்திருந்ததால் பதிவேட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்பே அவராக எடுத்துப் போட்டார். நவம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கம். ரத்தம் கொடுக்கச் சம்மதம் என்ற வாசகத்துக்குக் கீழே ஒன்பது ஆயாக்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஊதா மையில் ஒரு கைநாட்டு.

வித்யா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் புரட்டி செப்டம்பர் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டையும் கையோடு கொண்டுவந்திருந்த சின்ன கேமராவில் படம் பிடித்துக்கொண்டு பதிவேட்டை மூடினாள்.

"ஒரே ஒரு சந்தேகம். செப்டம்பர்ல உங்க ரத்தமும் போயிருக்கு. சென்னைப் பட்டியல்ல நவம்பருக்கு உங்க பேருக்கு நேரா காலியா இருக்கே?"

அக்டோபரில் பத்து நாள் திருப்பதியில் தங்கிவிட்டதாகவும், திரும்பி வந்தபோது வேலை மலையாகக் குவிந்து கிடந்ததாகவும், அந்த அவசரத்தில் தன் ரத்தம் விட்டுப்போனதாகவும் டாக்டர் விளக்கினார். வித்யா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

வராந்தா பெஞ்சில் எல்லப்பன் உட்கார்ந்திருந்தான். வித்யா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் மனைவி கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டாள்.

அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அறிவொளி வகுப்பில் அவள் எழுத்துப் படித்த கதையைச் சொன்னான். ஊர் பூராவும் சிரித்தார்களாம், பெருக்குகிற பொம்பளைக்கு எதற்குப் படிப்பு என்று. மூன்று மாசத்தில் தன் பெயரை எழுதிக் காட்டினாளாம்.

"அன்னிக்கே சொல்ட்டா, செத்தாலும் இனி கட்டை விரல்ல மை தடவ மாட்டேன்னு. ரேசன் கடைக்காரன் மை டப்பாவ நவுத்துனான்னா இவ திருப்பி நவுத்துவா. பேனா குடுங்கன்னுவா. பின்னால வரிசை நின்னுகினு கத்தும். இவ பாட்டுக்கு ஒவ்வொரு எழுத்தா போட்டுகினு இருப்பா."

செப்டம்பர் பக்கத்தில் எட்டு கைநாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. குண்டு குண்டாக, கோட்டைத் தாண்டி, குப்பம்மாள் என்று. நவம்பர் பக்கத்தில் அதே பெயருக்கு நேராகக் கைநாட்டு.

வித்யா கேமராவைக் கரீமுல்லாவிடம் நீட்டினாள். அவன் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"ஆயான்னாலே கைநாட்டுதான்னு யாரோ தானா முடிவு பண்ணிட்டான்க்கா. முந்தின பக்கத்தைத் திருப்பிப் பாக்கக்கூட அவனுக்குக் கை வலிச்சிருக்கு."

"கை வலி இல்லை கரீம். திமிரு."

கெட்டிக்காரத் திருடர்கள் பூட்டை உடைக்கும்போது மாட்டுவதில்லை. இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைக்கிற இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் பெருக்கியவளுக்கு எழுதத் தெரியும் என்பது இங்கே மேசைக்குப் பின்னால் உட்காருகிற ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டில் எது மோசம் என்று வித்யாவுக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டுக்கும் சேர்த்து யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே மலைப்படிக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய ஒரு குடும்பம் பெஞ்சை விட்டு எழுந்ததும் இவர்கள் உட்கார்ந்தார்கள். வித்யா சென்னையிலிருந்து வாங்கிவந்த எண்களின் பட்டியலை விரித்தாள். நர்சுகள், மருந்தாளர், லேப் ஆட்கள் எல்லோருக்கும் நவம்பரில் வேறு வேறு எண். ஒருத்திக்குப் பத்துக்குக் கீழே, ஒருத்திக்கு இருபது, இரண்டு பேருக்கு நாற்பது, ஒருத்தருக்கு எண்பது. ஆயாக்களுக்கு மட்டும் ஒன்பது முந்நூற்று இருபது, வரிசையாக.

"எங்க இஸ்கூல்ல ஒருவாட்டி இப்பிடி நடந்திச்சுக்கா. கணக்குப் பரீட்சையில ஒன்பது பேருக்கும் ஒரே மார்க்கு. வாத்தியாரு ஒன்பது பேரையும் அடிக்கல. பத்தாவதா ஒருத்தனைத் தேடுனாரு, எவனைப் பாத்து எழுதுனாங்கன்னு."

"நாமும் அதத்தான் தேடப்போறோம்" என்றாள் வித்யா.

ஒரே மனிதனின் ரத்தத்தை ஒன்பது குழாயில் ஊற்றி ஒன்பது பெயர் ஒட்டியிருக்கிறார்கள். அது யாருடைய ரத்தம்? பட்டியலில் வேறு யாருக்கும் முந்நூற்று இருபது இல்லை. எனவே நவம்பரில் தன் பெயரில் ரத்தம் கொடுக்காத ஆள். குணமான நோயாளியாக இருக்கலாமே என்றான் கரீமுல்லா. வித்யா இல்லை என்று தலையசைத்தாள். காய்ச்சல் வார்டைத் திறந்ததே நவம்பர் இருபதாம் தேதி. ரத்தம் எடுத்தது பன்னிரண்டாம் தேதி. அன்றைக்கு இந்த ஆஸ்பத்திரியில் பன்றிக் காய்ச்சல் நோயாளியே கிடையாது, குறைந்தபட்சம் அப்படித்தான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் யாரோ ஒருவர் இந்தக் காய்ச்சலில் படுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் எழுந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் ஜெயம்மாள் சாலையைக் கடந்து வந்தாள். நீலப் புடவை, ஆஸ்பத்திரி அடையாள அட்டை, அக்காளின் அதே குண்டு முகம். அழுது அழுது அவள் கண் வீங்கியிருக்கும் என்று நினைத்தால் அது தப்பு. கோபத்தில் அவள் கண்கள் காய்ந்து கிடந்தன. பாவா சாப்பிட்டாரா என்று எல்லப்பனைப் பற்றி முதலில் விசாரித்தாள். பிறகு நின்றுகொண்டே, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். வித்யா சொன்னாள். திருப்பதிக் கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

"திருப்பதியா?" ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "பத்து நாளு திருப்பதில இருந்தவரு ஒரு துண்டு லட்டுகூடக் கொணாந்து குடுக்கலீங்க. எங்க யாருக்கும் இல்ல, நர்சம்மாங்களுக்கும் இல்ல. மத்த வாட்டி காலைல பஸ் ஏறிட்டு ராவுக்கு வந்தாலே அடுத்த நாளு எல்லாரு கைலயும் ஒரு கிள்ளு வெப்பாரு. அதுல மட்டும் கொறை சொல்ல மாட்டேன்."

கரீமுல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

திருத்தணியிலிருந்து திருப்பதி இரண்டு மணி நேரப் பஸ் பயணம். இந்த ஊர்க்காரன் எவனும் அங்கே பத்து நாள் தங்குவதில்லை. தங்கினாலும் லட்டு இல்லாமல் திரும்புவதில்லை. வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, வேலை செய்கிற இடத்துக்கு என்று பிட்டுப் பிட்டுக் கொடுத்தால்தான் போய்வந்ததற்கே அர்த்தம். நானே ரம்ஜான் அன்னிக்கு, பக்கத்து வூட்டு வெங்கடேசு குடுத்த லட்டைத் துன்னிருக்கேன், இந்த ஆளு எப்பிடிக்கா வெறுங்கையோட வந்தான் என்று கரீமுல்லா கேட்டான்.

டாக்டரின் வீடு எங்கே என்று வித்யா ஜெயம்மாளிடம் கேட்டாள். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி என்றாள் அவள். அக்டோபரில் அங்கே பெருக்க யாரையும் விடவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் லேப் பொண்ணு பத்மப்ரியா மட்டும் தினமும் இரண்டு வேளை மாடி ஏறி இறங்கியதைக் குப்பம்மாள் பார்த்து, டாக்டர் உள்ளேதான் இருக்கிறார் என்று அவர்கள் இரண்டு பேரையும் பற்றித் தப்பாகக்கூட ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தாளாம்.

"தப்பு வேற இடத்துல இருந்திருக்கு" என்று வித்யா எழுந்தாள். மணி ஒன்று.

லேப் என்பது தரைத்தளத்தில் இரண்டு மேசையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கொண்ட சின்ன அறை. பத்மப்ரியாவுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும். முகமூடி கட்டியிருந்தாள். வித்யா எதுவும் கேட்காமல் நவம்பர் பக்கத்தின் படத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"ஒன்பது கைநாட்டு. இதுல ஒருத்தங்க கைநாட்டே வைக்காதவங்க. மிச்ச எட்டு பேரும் அன்னைக்கு இந்த அறைக்குள்ள வரலைன்னு சொல்றாங்க. அப்போ இது யாரு விரல்?"

பத்மப்ரியா படத்தைப் பார்க்கவில்லை. இடது கைக் கட்டை விரலை மற்ற நாலு விரல்களுக்குள் மடக்கி, அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் கொண்டுபோனாள். தனக்கே தெரியாமல் செய்தாள்.

"விரல் எங்கியும் போவாதும்மா" என்றான் கரீமுல்லா. "கையோடதான் கீது."

அவள் மறுத்தாள். பிறகு அழுதாள். அழுகை முடிகிற வரை வித்யா காத்திருந்தாளே ஒழிய ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வந்தது எல்லாம். அக்டோபர் முதல் வாரம் டாக்டருக்குக் காய்ச்சல். தொண்டைச் சளியைப் பொய்ப் பெயரில் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பன்றிக் காய்ச்சலேதான். டாக்டருக்கே வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் ஒரு நோயாளி உள்ளே வரமாட்டான் என்று திருப்பதிக் கதையைக் கட்டினார். மாடிக்குப் போய் மருந்து ஏற்றியவள் இவள். பத்து நாளில் மனிதர் எழுந்துவிட்டார்.

அதற்குள் காய்ச்சல் வார்டு திறக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உள்ளே போக நர்சுகள் தயங்கினார்கள். முகமூடியும் போதவில்லை. ஆயாக்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று காகிதத்தில் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெரிய சிரிஞ்சில் எடுத்து ஒன்பது குழாயில் பங்கு போடச் சொன்னார்.

"பாவம் அந்தப் பொம்பளைங்களுக்கு எதுக்கு இன்னொரு ஊசின்னார். எனக்கும் அது நல்ல மனசாத்தான் தெரிஞ்சது மேடம்."

"குப்பம்மா உள்ளே படுத்தப்போ என்ன தெரிஞ்சது?"

வித்யா மேசை மேல் இருந்த வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். கரீமுல்லா அறைக்கு வெளியே போய் சென்னை நிறுவனத்துக்குப் போன் செய்தான். திரும்பி வந்தபோது, அவர்கள் சொல்லித் திருவள்ளூரிலிருந்து சுகாதாரத் துறை ஜீப் கிளம்பிவிட்டது, வந்து சேர மூன்றரை ஆகும் என்றான். ஜெயம்மாளுக்கு இரண்டு மணி வரைதான் நேரம்.

காய்ச்சல் வார்டு வாசலில் கதவுக்கு இந்தப் பக்கம் எட்டு ஆயாக்களும் நின்றிருந்தார்கள். ஜெயம்மாள் கையில் வாளியும் துடைப்பமும் இருந்தன. தலைமை நர்ஸ் அபிராமசுந்தரி, முகமூடி அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டூட்டித் தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் டாக்டர். எல்லப்பன் சுவரோரம் ஒதுங்கி நின்றான். வித்யாவைப் பார்த்ததும் டாக்டரின் கண்கள் சிரிக்க ஆரம்பித்தன. அவளுக்குப் பின்னால் பத்மப்ரியா வருவதைப் பார்த்ததும் நின்றுவிட்டன.

"ஜெயம்மா உள்ளே போகமாட்டாங்க" என்றாள் வித்யா. அவள் குரல் எவ்வளவு இறங்கியிருந்தது என்றால், ஆயாக்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டியிருந்தது. "இங்க ஒரே ஒருத்தர்தான் வெறும் முகத்தோட இந்தக் கதவுக்குள்ள தைரியமா போகலாம். அந்த முந்நூத்தி இருபது அவரோடது. மூணு மாசமா நாளுக்கு ஒரு புது முகமூடி போட்டுக்கிட்டு இருக்கறதும் அவர்தான்."

தலைமை நர்ஸ் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பத்மப்ரியா நீட்டிய தாளை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தாள். இரண்டாம் பக்கம் வந்ததும் டாக்டரிடமிருந்து ஒரு அடி விலகி நின்றாள். அக்டோபரில் டாக்டர் உடம்பு சூட்டோடு இரண்டு நாள் வெளி நோயாளிகளைப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். அவளும்தான் அப்போது பக்கத்தில் நின்றாள்.

இந்தப் பெண் பயத்தில் உளறுகிறாள், இதை யார் நம்புவார்கள் என்று டாக்டர் கேட்டார். மூன்றரை மணிக்கு வருகிறவர்கள் உங்கள் கையிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்தால் போதும், நம்புவதும் நம்பாததும் அதற்குப் பிறகு என்றாள் வித்யா. டாக்டரின் வலது கை தானாகவே இடது முழங்கையின் மடிப்பைப் பொத்தியது.

"செத்துப்போனவங்க ஆஸ்துமாவை மறைச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. இவரு காதுல விழற மாதிரி சொல்லுங்க. மறைச்சது யாரு?"

டாக்டர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் எட்டு ஆயாக்கள், மறு பக்கம் அவருடைய நர்சுகள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுத்தார். கேக்கலைங்க என்றான் எல்லப்பன். அவன் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். சவரம் செய்யாத முகம், சின்ன வாய்.

"குப்பம்மாள் எதையும் மறைக்கலை."

அபிராமசுந்தரி இடுப்பிலிருந்து சாவியை உருவி அலமாரியைத் திறந்தாள். உள்ளே இருந்த பெட்டியை அப்படியே தூக்கிவந்து, ஆயாக்கள் கையில் ஒவ்வொரு முகமூடியாக வைத்தாள். யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை. இது குப்பம்மாள் உள்ளே போன அன்றைக்கே திறந்திருக்க வேண்டிய அலமாரி என்று வித்யா சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்லாமலே அபிராமசுந்தரிக்குத் தெரிந்திருந்தது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வயசான குரல் ஒன்று ஆயாவைக் கூப்பிட்டது. காலையிலிருந்து உள்ளே ஆள் இல்லை. பழக்கதோஷத்தில் ஜெயம்மாளின் கால் ஒரு அடி முன்னால் போனது. போனதும் நின்றாள். முகமூடியைக் காதில் மாட்டி, மூக்கோரம் அழுத்திச் சரிசெய்துகொண்டாள். பிறகு வாளியையும் துடைப்பத்தையும் டாக்டரிடம் நீட்டினாள்.

"நீங்க போங்க சார். உங்களுக்குத்தான் ரத்தத்துல கீதே."

டாக்டர் கழுத்தில் தொங்கிய முகமூடியை மேலே இழுக்கப் போனார்.

"அது எதுக்குங்க?" என்றாள் ஜெயம்மாள்.

உள்ளேயிருந்து குரல் மறுபடியும் கூப்பிட்டது. டாக்டர் தன் நர்சுகளைப் பார்த்தார். ஒருத்தியாவது வந்து வாளியை வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்போல. ஒருத்தியும் வரவில்லை. முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாளியையும் துடைப்பத்தையும் வாங்கினார். வாளி பிடித்துப் பழக்கமில்லாத கை, தண்ணீர் காலணியில் கொட்டியது. காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு ஆடி ஆடி மூடியது.

கரீமுல்லா வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்வான். இன்றைக்கு அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டான். வித்யா எல்லப்பனிடம் போனாள். நாளைக்குச் சான்றிதழை மாற்றி எழுதித் தருவார்கள், அந்த வரி இருக்காது, காய்ச்சல் என்றே போடுவார்கள் என்றாள். அவன் ஆங் ஆங் என்று தலையாட்டினான். கண் மட்டும் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

"அவருக்கு உள்ள ஒண்ணும் ஆவாதுங்களாம்மா?"

"ஆகாதுங்க. சக்தி இருக்கு. நல்லாத் திரும்பி வந்துருவாரு."

எல்லப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான்.

"இதையேதாம்மா அவளுக்கும் சொல்லி அனுப்புனாங்க" என்றான்.